கடன், இன்னொரு பாஸ்போர்ட், ஒரு செக்யூரிட்டி கிளியரன்ஸ்

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒப்பந்த வேலை ஒன்றுக்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி, வேண்டியிருந்தது. அதற்கான எஸ்எஃப்-86 படிவம் கொடுத்தேன். பிறகு ஆட்சேபங்களைப் பட்டியலிட்டு ஒரு கடிதம் வந்தது: கட்டாத கிரெடிட் கார்டு, மருத்துவமனைக் கடன், இலங்கை பாஸ்போர்ட். பதில் தர 20 நாள்.

'பாஸ்போர்ட்டைக் கிழித்துப் போடு' என்றார் மாமா. தேவையே இல்லை. 2017 ஜூனில் அமலுக்கு வந்த விதிகளின்படி இரட்டைக் குடியுரிமை மட்டுமே தடையாகாது. அதை மறைப்பதும், அமெரிக்காவுக்குள் வரும்போதும் போகும்போதும் வேறு நாட்டு பாஸ்போர்ட்டைக் காட்டுவதும்தான் சிக்கல். நான் படிவத்திலேயே எழுதியிருந்தேன். பயண முத்திரைகளின் நகலை இணைத்தேன், அவ்வளவுதான்.

கடன்தான் உண்மையான தலைவலி. வேலை போன சமயத்தில்தான் மனைவிக்கு ஆபரேஷன். அதற்குப் பணிநீக்கக் கடிதமும் மருத்துவமனை பில்லும் சான்று. அப்புறம், கடன் கொடுத்த ஒவ்வொரு நிறுவனத்தோடும் எழுத்தில் தவணை ஒப்பந்தம், மாதாமாதம் கட்டியதற்கு வங்கி ரசீது, கடன் ஆலோசகர் போட்டுத் தந்த பட்ஜெட். எல்லாவற்றையும் அடைத்துத் தீர்த்திருக்க வேண்டும் என்றில்லை. நம்பும்படியான திட்டமும் அதன்படி நடந்ததற்குச் சான்றும் வேண்டும். பழைய கடன் கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து தானாக உதிரட்டும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. அது இங்கே செல்லாது.

என் பதிலுக்குப் பிறகு நடந்த விசாரணையில் நீதிபதி துருவியதும் பெரும்பாலும் தவணைகளைத்தான். முடிந்த பிறகும் புது ரசீதுகளைச் சேர்க்க அவகாசம் கேட்டு வாங்கினேன். கிளியரன்ஸ் வந்தது.