இடத்தைப் பார்த்தோம், இரவைப் பார்க்கவில்லை: ஹாஸ்பிஸ் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் பெரியப்பா குடியாத்தத்தில் கைலித் தறி ஓட்டியவர். வெற்றிலையும் புகையிலையும் நாற்பது ஆண்டுகள் அவர் கன்னத்தில் குடியிருந்தன. கடைசியில் அந்தக் கன்னத்திலேயே புற்று வந்தது. அறுவை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, "இனி வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொன்ன அன்று மாலையே நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து நல்ல ஹாஸ்பிஸ் ஒன்றை, அதாவது குணமாகாத நோயாளியின் கடைசிக் காலத்தைப் பார்த்துக்கொள்ளும் இடத்தை, தேடத் தொடங்கினோம். பெண் பார்க்கப் போனவர்களைப் போல வேலூரைச் சுற்றி மூன்று இடங்களைப் பார்த்தோம். மூன்றாவது இடத்தில் டைல்ஸ் தரை பளபளத்தது. வாசலில் பிள்ளையார், பின்னால் தோட்டம், அறைக்கு ஏ.சி. அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டோம், கட்டினோம்.

அன்றிரவு இரண்டு மணிக்குப் பெரியப்பாவுக்கு வலி உச்சிக்கு ஏறியது. துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அங்கிருந்த பையன், "டாக்டர் காலையில் வருவார்" என்று சொல்லி ஒரு பாராசிட்டமால் ஊசி போட்டான். காலையில் டாக்டர் வந்தார். கடும் வலியை அடக்கும் மார்பின் என்ற மருந்தை வைத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதியே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். நாங்கள் கேட்டது ஏ.சி.யைப் பற்றி.

இத்தனைக்கும் நாங்கள் படிக்காதவர்கள் இல்லை. ஆனால் கல்யாண மண்டபம் பார்க்கிற கண்ணோடு போனோம்.

பெயரைப் பார்த்து ஏமாறுவது

ஹாஸ்பிஸ் என்ற பலகையின் கீழே நம் பக்கத்தில் பலவும் நடக்கின்றன. சில முதியோர் இல்லங்கள். சில, ஆயாவை வீட்டுக்கு அனுப்பி மாதச் சம்பளம் வாங்கித்தரும் ஹோம் நர்சிங் ஏஜென்சிகள். இன்னும் சில, மூன்று கட்டில் போட்ட சாதாரண நர்சிங் ஹோம். இவற்றில் எதுவும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் நோயாளியின் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, புண், பயம், வீட்டாரின் கலக்கம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே வேதனையாக எடுத்துப் பார்ப்பது வேறு தொழில். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அதற்கு 'முழு வேதனை' என்று பெயர் வைத்தார். இந்தியாவில் முதல் ஹாஸ்பிஸ் 1986இல் மும்பையில் வந்தது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி, கட்டில்களை நம்பாமல் நோயாளியின் வீட்டைத் தேடிப் போகும் வழியைக் காட்டியது.

அந்த வழி வேலூருக்கு அந்நியமானதல்ல. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்த ஊர் இது. கணியம்பாடி ஒன்றியத்தில் பாகாயத்திலிருந்து கிளம்பும் சி.எம்.சி. நர்ஸையும், கே.வி.குப்பம் ஒன்றியத்தில் 1977 முதல் அதன் கிராம சுகாதாரப் பிரிவான ருஹ்சாவையும் தெரியாத கிராமம் குறைவு. ஆகவே ஹாஸ்பிஸ் என்றதும் கட்டடத்தை மட்டும் மனத்தில் வைத்துத் தேடுவதே தவறின் தொடக்கம். பலருக்கு அவர்கள் படுத்திருக்கும் கட்டிலிலேயே அது கிடைத்துவிடும்.

இலவசம் என்றால் இளப்பம் என்று நினைப்பதும் இந்த வகைதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை மட்டுமல்ல, படுத்த படுக்கையானவர்களுக்கான ஆதரவு சிகிச்சையும் (வேதனையைக் குறைக்கும் பாலியேட்டிவ் கேர்) பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிறகு தனியாரைத் தேடலாம். நாங்கள் அதைக் கேட்டது நான்காம் நாள்.

மார்பினைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவது

எந்த நிலையத்தையும் ஒரே கேள்வியில் எடைபோட வேண்டுமானால் நான் இதைத்தான் கேட்பேன்: "உங்களிடம் மார்பின் மாத்திரை இருக்கிறதா? இரவில் அதைக் கொடுக்க யாருக்கு அதிகாரம் உண்டு?"

காரணம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்பின் வாங்கி வைக்கப் பல துறைகளின் உரிமங்கள் தேவைப்பட்டன. ஒன்று கையில் வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். ஆஸ்பத்திரிகள் அலுத்துப்போய் விட்டுவிட்டன. 2014இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின், பென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசிய வலிமருந்துகள் ஆயின. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கீகரித்த மருத்துவ நிலையம் அவற்றை வைத்துக்கொள்ளலாம். இன்றும் அந்த அங்கீகாரம் வாங்காத ஒரு நிலையம், புற்றுநோயாளியைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னால், அடுப்பில்லாத சமையற்கட்டில் விருந்துக்கு அழைப்பது போலத்தான்.

இருப்பது மட்டும் போதாது, கொடுக்கிற விதத்தையும் பார்க்க வேண்டும். சாதாரண மார்பின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரம். எனவே நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். "வலித்தால் கூப்பிடுங்கள்" என்று சொல்கிற இடத்தில் நோயாளி ஒவ்வொரு முறையும் வலித்துத்தான் மருந்து வாங்க வேண்டியிருக்கும். நடுவில் வலி மீறினால் கொடுக்கக் கூடுதல் வேளை எழுதியிருக்கிறார்களா? மார்பின் தொடங்கிய அன்றே மலச்சிக்கலுக்கும் மருந்து எழுதினார்களா? இந்த இரண்டாவது கேள்வி சின்னதாகத் தோன்றும். ஆனால் மார்பின் எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு மலம் கட்டும். அதை மறந்த டாக்டர் இந்தத் தொழிலில் பழகியவர் அல்ல என்று எடுத்துக்கொள்ளலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு மார்பின் உடம்பில் தேங்கும். அதையும் அவர்களாகவே விசாரிக்கிறார்களா என்று பாருங்கள்.

"மார்பின் போட்டால் அடிமையாகிவிடுவார்", "சீக்கிரம் போய்விடுவார்" என்று சொல்ல வீட்டுக்கு ஒரு சித்தப்பா இருப்பார். புற்றுநோய் வலிக்கு அளவறிந்து, பழகியவர் கண்காணிப்பில் கொடுக்கும்போது அந்தப் பயத்துக்கு இடமில்லை. நல்ல நிலையம் அந்தச் சித்தப்பாவையும் உட்காரவைத்துப் பேசும். பேசுவார்களா என்பதும் தரம்தான்.

பகல் பதினோரு மணிக்குப் போய்ப் பார்ப்பது

பகல் பதினோரு மணிக்கு எல்லா இடமும் நல்ல இடம். தரை துடைத்து, போர்வை மாற்றி, மேனேஜர் காப்பி கொடுப்பார். இரவு எட்டுக்கு மேல், சொல்லாமல் போங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால் அதுவே ஒரு பதில்.

உள்ளே போனதும் மூக்கைத் தீட்டிக்கொள்ளுங்கள். பினாயில் நெடி தூக்கலாக இருந்தால் அது எதையோ மறைக்கிறது. கன்னத்திலும் மார்பிலும் புற்றுப்புண் வெடித்தவர்களின் நாற்றம் வீட்டாரையே ஒதுங்க வைக்கும். அதற்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவும் எளிய வைத்தியம் இருக்கிறது. சில ரூபாய் விஷயம். அது தெரிந்த இடத்தில் நாற்றம் அடங்கியிருக்கும், நோயாளியின் பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கும்.

பிறகு குதிகால்களைப் பாருங்கள். முகம் கழுவிப் பவுடர் போட்டுவிடலாம், குதிகாலை யாரும் அலங்கரிப்பதில்லை. படுக்கைப்புண் இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும்தான் முதலில் எட்டிப் பார்க்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்த நேரத்தைச் சீட்டில் எழுதுகிறார்களா, எழுதியதில் இரவு மூன்று மணியும் ஐந்து மணியும் இருக்கின்றனவா? எல்லா நேரமும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதியதாகத் தெரிந்தால் சிரித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

எங்கள் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கத்திரியில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூரில், கரண்ட் போனால் காற்றுப் படுக்கையின் மோட்டார் நின்றுவிடும். மெத்தை தளர்ந்து, நோயாளி பலகையில் படுத்தது போல ஆகிவிடுவார். ஜெனரேட்டர் ஆபீஸ் அறைக்கா, கட்டிலுக்கா என்று கேளுங்கள். நான் கேட்ட ஓர் இடத்தில் அது லிஃப்டுக்கு என்றார்கள்.

டிரிப்ஸை எண்ணுவது

உறவினர்கள் வந்து நின்றதும் முதலில் தேடுவது ஸ்டாண்டில் தொங்கும் பாட்டிலை. இல்லையென்றால், "ஒன்றும் போடவில்லையா?" என்பார்கள். பாட்டில் தொங்கினால் கவனிக்கிறார்கள் என்று நிம்மதி. கடைசி நாள்களில் உடம்பு உணவையும் நீரையும் தானாகவே குறைத்துக்கொள்ளும். அப்போது நரம்பு வழியாக ஏற்றும் நீர் கால் வீக்கமாகவும் தொண்டைச் சளியாகவும் தேங்கி, மூச்சைக் கடினமாக்கக்கூடும். எப்போதும் டிரிப்ஸ் தவறு என்பதல்ல, வாந்தியில் நீர் வற்றியவருக்கு அது உதவும். ஏன் போடுகிறீர்கள், ஏன் போடவில்லை என்று கேட்டால் ஒரு விளக்கம் வர வேண்டும். உறவினர் முகம் கோணாமல் இருக்கப் போடுகிற இடத்தை நம்பாதீர்கள். வறண்ட உதட்டை ஈரப் பஞ்சால் மணிக்கொருமுறை நனைக்கிறார்களா என்று பாருங்கள், அதில்தான் கவனிப்பு இருக்கிறது.

இதோடு சேர்ந்ததுதான், கடைசி நேரத்தில் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி. மூச்சு மாறியதும் ஆம்புலன்ஸ் அழைத்து ஐ.சி.யு.வுக்கு அனுப்புவதுதான் வழக்கம் என்றால், அங்கே ஆதரவு சிகிச்சைக்கு என்ன அர்த்தம்? வென்டிலேட்டர் வேண்டாம் என்பதை நோயாளியே தெளிவோடு இருக்கும்போது எழுதிவைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. 2023இல் அதை எளிமையாக்கி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றும் போதும் என்றது. இதைப் பற்றி நிலையத்தாருக்கு ஏதாவது தெரிகிறதா என்று ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள்.

நோயாளியிடம் மறைக்கச் சொல்லிவிட்டு, மறைக்கிற இடத்தை மெச்சுவது

நாங்களும் செய்தோம். "அவருக்குத் தெரியக்கூடாது" என்று சொன்னதும் அந்த நிலையத்தார் தலையாட்டினார்கள். எவ்வளவு அனுசரணையானவர்கள் என்று நினைத்தோம். பிறகு பெரியப்பாவை வீட்டுக்கே கொண்டுவந்தபோது, அங்கே வந்த நர்ஸிடமும் அதையே சொன்னபோது அவர் தலையாட்டவில்லை. "நானாகச் சொல்லமாட்டேன். அவர் கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன்" என்றார். எங்களுக்குக் கோபம் வந்தது. இரண்டாம் நாள் பெரியப்பா தாளில் எழுதிக் காட்டினார்: 'தறியை யாருக்குக் கொடுப்பது?' அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்ததை எங்களிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

சில்லறைத் தவறுகள், பெரிய அலைச்சல்

வீட்டுக்கு வரும் குழு என்றால் எத்தனை கிலோமீட்டர் வரை, எந்தக் கிழமை, மழையில் ஒடுகத்தூர் தாண்டி மலை கிராமத்துக்கும் வருவார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரவில் போன் செய்தால் எடுப்பது நர்ஸா, வாட்ச்மேனா? சேரும் முன்பே ஒருநாள் இரவு அந்த எண்ணை அழைத்துப் பாருங்கள். டயப்பர், யூரின் பை, ஆக்சிஜன், ஆம்புலன்ஸ், குளிர்பெட்டி எல்லாம் தினக் கட்டணத்துக்குள் அடங்குமா, தனியா என்று தாளில் வாங்குங்கள். இறப்பு இரவில் வீட்டில் நேர்ந்தால் சான்று எழுத டாக்டர் யார் என்பதையும் கேட்கலாம், அபசகுனம் இல்லை. இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கிராமத்தில் அது வி.ஏ.ஓ. வேலை. அவர் கேட்கும்போது கையில் தாள் இல்லையென்றால் கருமாதி வேலைகளுக்கு நடுவில் அலைய வேண்டும்.

கடைசி வாரம்வரை காத்திருப்பதும் தவறுதான். 2010இல் பாஸ்டனில் நுரையீரல் புற்று முற்றிய 151 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தொடக்கத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்கள் இடைநிலைக் கணக்கில் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 11.6 மாதமும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதமும் வாழ்ந்தார்கள். கீமோ நடக்கும்போதே ஆதரவு சிகிச்சை டாக்டரையும் பார்க்கலாம் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நான்காம் நாள் பெரியப்பாவை வீட்டுக்கே கொண்டுவந்தோம். அட்வான்ஸில் பாதி திரும்பி வந்தது. மறுநாள் வந்த நர்ஸ் முதலில் என் பெரியம்மாவுக்குத்தான் வேலை கற்றுக்கொடுத்தார்: எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது, டியூபில் கஞ்சி விடும்போது தலையை எவ்வளவு உயர்த்துவது, கஞ்சிக்குப் பிறகு தண்ணீர் விட்டு டியூபைக் கழுவுவது. மார்பினை நேரப்படி சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார். பெரியம்மாவுக்குப் படிக்க வராது என்று தெரிந்ததும் பேனாவை எடுத்து, நேரத்துக்குப் பக்கத்தில் சூரியனும் நிலாவும் வரைந்தார். அன்றிரவு பெரியப்பா தூங்கினார். நாங்கள் தூங்கவில்லை, மூச்சு வருகிறதா என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்தொன்பது நாள்கள் இருந்தார்.

கருமாதி முடிந்த மறுநாள் அந்த நர்ஸ் மறுபடி வந்தார். மீந்த மார்பின் மாத்திரைகளைக் கேட்டு வாங்கி, எண்ணி, நோட்டில் எண்ணிக்கையை எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வேலை முடிந்தது, போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் திண்ணையில் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு பெரியம்மா, அத்தனை நாள் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"கடைசி ராத்திரி நான் கொடுத்த மாத்திரையால்தான் போனாரா, சிஸ்டர்?"

"இல்லை அம்மா. நீங்கள் கொடுத்ததால்தான் வலியில்லாமல் படுத்திருந்தார்."

பெரியம்மா எழுந்து காப்பி போட உள்ளே போனாள்.