கடலோரத்தில் டிஜிட்டல் பிரிண்ட்: ஷேடு மாறாமல் அடிப்பது எப்படி

மானிட்டரில் கடல்பச்சையாக இருந்த டிசைன் துணியில் மங்கி வந்தால் உடனே பிரிண்டரைத்தான் சந்தேகப்படுகிறோம். ராமநாதபுரம் கடலோரத்தில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரையும் ஈரக்காற்றையும். இங்கே சொல்வது பருத்தியில் ரியாக்டிவ் மை (நூலோடு வினைபுரிந்து பிடிக்கும் சாய மை) அடிப்பதற்கு மட்டும்.

கஞ்சி நீக்கி, பிளீச் செய்த துணிக்கு முதலில் பசை ஏற்ற வேண்டும். 1 கிலோ கரைசலுக்கு யூரியா 100 கிராம், சோடியம் பைகார்பனேட் 30, ரெசிஸ்ட் சால்ட் (ஸ்டீமில் சாயம் சிதையாமல் காக்கும் உப்பு) 20, அல்ஜினேட் தூள் 8 முதல் 10 கிராம்; மீதி தண்ணீர். அல்ஜினேட் என்பது மன்னார் வளைகுடாவில் எடுக்கும் கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளின் சரக்கு. அதற்குக் கால்சியம் ஆகாது. கால்சியம் கலந்த உப்புக் கிணற்றுத் தண்ணீரில் தூளைத் தூவினால் மீன் சினைபோலக் குருணை குருணையாகத் திரளும். குருணை ஒட்டிய இடத்தில் மை சரியாக இறங்காது, துணி முழுக்கப் புள்ளி விழும். ஆர்.ஓ. தண்ணீரே எடுங்கள். சோப்பு அலசலுக்கும் மென்னீர் வேண்டும், இல்லாவிட்டால் சோப்புப் படிவு நின்று நிறம் மந்தமாகும்.

பசை ஏற்றிய துணியைக் காயவைத்ததும் பாலிதீனில் சுற்றிவிடுங்கள். யூரியா காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஓர் இரவு திறந்து கிடந்தாலே மறுநாள் மெல்லிய கோடு கசிந்து தடிக்கும். பிரிண்ட் அறையில் ஈரப்பதம் 50–60 சதவீதத்தில் நிற்கட்டும். அடித்த துணியை அன்றைக்கே ஸ்டீமரில் (நீராவியில் சாயத்தைப் பிடிக்கவைக்கும் இயந்திரம்) விடுங்கள். ஈரத்தோடு காத்திருந்தால் சாயம் நூலைப் பிடிக்காமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும், ஷேடு இறங்கும்.

ஸ்டீமிங் 102 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம். பிறகு பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசி, 60 டிகிரியில் ஒருமுறை, 90–95 டிகிரியில் சோப்பு, கடைசியில் மறுபடி பச்சைத் தண்ணீர். எடுத்ததுமே சுடுநீரில் போட்டால் ஒட்டாத சாயம் துணியின் வெள்ளைப் பகுதியில் ஏறிவிடும்.

பிரொஃபைல், அதாவது இந்த மை இந்தத் துணியில் தரும் நிறங்களின் கணக்கு ஃபைல், எடுப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். முதலில் மை அளவை வரையறுத்து, லீனியரைஸ் செய்து (மை கூடக் கூட நிறமும் சீராக ஏறும்படி சரிசெய்து), அதன் பிறகே கலர் சார்ட் (நிறக் கட்டங்கள் கொண்ட தாள்மாதிரி) துணியில் அடிக்க வேண்டும். அந்தச் சார்ட்டும் ஸ்டீமிங், வாஷிங் எல்லாம் முடித்து வரவேண்டும். ஸ்டீமுக்கு முந்திய நிறம் கணக்கே இல்லை. இஸ்திரிச் சூடு ஆறிய பின், அதே துணியை நாலு மடிப்பு கீழே வைத்து ஸ்பெக்ட்ரோ என்ற நிறமளக்கும் கருவியில் அளவெடுங்கள். பரமக்குடி கைத்தறிப் பருத்தியில் நூல் ஏற்ற இறக்கம் இருக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் மூன்று இடத்தில் அளந்து சராசரி போடுங்கள். துணி மாறினாலும் யூரியா அளவு மாறினாலும் பிரொஃபைல் புதிதாக எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு லாட்டிலும் சிறு பட்டி ஒன்று அடித்து, டி65 விளக்கின் (பகல் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கு) கீழ் பழைய சாம்பிளோடு சேர்த்துப் பாருங்கள். டெல்டா ஈ (இரண்டுக்கும் உள்ள நிற வித்தியாசத்தின் அளவு) 2-ஐத் தாண்டினால் டிசைன் ஃபைலைத் திருத்தாதீர்கள். பசை, ஸ்டீம், தண்ணீர் என்ற வரிசையில் தேடுங்கள். சாம்பிளை வெயில் படாத உறையில் வையுங்கள்.