மேடை ஏறுவதற்கு முன் கிங்கின் பேச்சைக் கேளுங்கள், ஆனால் கனவைத் தொடாதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போதெல்லாம் யாராவது ஒருவர், "சார், எனக்கு ஒரு கனவு இருக்கிறதுன்னு ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டுவிடுவார்கள். வேண்டாம். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில், லிங்கன் நினைவிடத்துப் படிகளில் நின்று, சுமார் இரண்டரை லட்சம் பேர் முன்னால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் பேசிய அந்த 17 நிமிடத்தில், 'எனக்கு ஒரு கனவு இருக்கிறது' என்ற வரி பேச்சு பாதிக்கு மேல் ஓடிய பிறகுதான் வருகிறது. ஆரம்பத்தில் அவர் பேசியது செக்கைப் பற்றி.

நாட்டை நிறுவியவர்கள் எல்லோருக்கும் உரிமை என்று பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள், கறுப்பின மக்கள் கொண்டுபோய்ப் போட்டபோது 'கணக்கில் பணமில்லை' என்று செக் திரும்பி வந்துவிட்டது என்றார். பண்ருட்டி முந்திரி வியாபாரியிடம் "சம உரிமை மறுக்கப்பட்டது" என்று சொல்லிப் பாருங்கள், தலையாட்டிவிட்டுப் போவார். "செக் ரிட்டர்ன்" என்றால் நின்று, யார் கொடுத்தது, எவ்வளவு என்று கேட்பார். ஏனென்றால் செக் திரும்பினால் தலைகுனிய வேண்டியது கொடுத்தவர்தான், வாங்கியவர் பிச்சை கேட்கவில்லை. அப்புறம் கிங் இன்னொன்றும் செய்தார்: நீதியின் வங்கி திவாலாகிவிட்டது என்பதை நம்ப மாட்டோம் என்றார். எதிரில் இருப்பவருக்குக் கடனைத் தீர்க்க ஒரு வழி விட்டுவைத்தார், எனக்கு மொத்தப் பேச்சிலும் பிடித்த இடம் இதுதான்.

சரி, உங்கள் தலைப்பு ஊருக்கு பஸ் வராதது என்று வையுங்கள். "தயவுசெய்து பஸ் விடுங்கள்" என்று கெஞ்சாதீர்கள். ஏற்கெனவே கொடுத்த வாக்கைத் தேடுங்கள். "நிறுத்தத்தில் 7.40 என்று எழுதிய போர்டு இருக்கிறது, பஸ்தான் இல்லை" என்று ஆரம்பித்தால் போதும்.

ஊர்ப்பெயர்களைச் சொல்லுங்கள். ஜார்ஜியாவின் ஸ்டோன் மலை, டென்னசியின் லுக்அவுட் மலை என்று அவர் பெயர் சொல்லித்தான் அடுக்கினார். "மாவட்டம் முழுவதும்" என்றால் யாருக்கும் உறைக்காது. தேவனாம்பட்டினம், நெல்லிக்குப்பம், பரங்கிப்பேட்டை என்று சொல்லுங்கள், அந்தந்த ஊர்க்காரர் நிமிர்ந்து பார்ப்பார். ஒரே வரியைத் திரும்பச் சொல்வது மூன்று தடவையோடு நிற்கட்டும், அதற்கு மேல் இழுக்க அவரைப் போலத் தேவாலயத்தில் பிரசங்கம் செய்து பழகிய குரல் வேண்டும்.

தாளைப் பற்றி. பாடகி மஹாலியா ஜாக்சன் பக்கத்திலிருந்து "கனவைப் பற்றிச் சொல்லுங்கள், மார்ட்டின்" என்று குரல் கொடுக்க, எழுதி வைத்ததை விட்டுவிட்டு அவர் பேசினார் என்பார்கள். உடனே, மனதில் வந்ததைப் பேசினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், அதே கனவை அந்த ஜூன் மாதமே டெட்ராய்ட்டில் பேசியிருந்தார். நான் கல்லூரியில் படிக்கும்போது புதுச்சேரி கடற்கரையில் ஒரு கூட்டத்தில் பேசப் போய், இரண்டாவது தாளைக் காற்று கொண்டுபோய்விட, "நன்றி, வணக்கம்" என்று சொல்லி இறங்கிவிட்டேன், முதல் தாளில் இருந்தது வணக்கமும் வரவேற்பும் மட்டும்தான்.

அதனால் சாயங்காலம் சில்வர் பீச்சுக்குப் போய், அலையைப் பார்த்து நின்று, தாள் இல்லாமல் சத்தமாகப் பேசுங்கள். எந்த வரியில் நாக்கு தடுக்குகிறதோ அந்த வரியை அடித்துவிடுங்கள்.