போர்வெல் மோட்டாருக்கு எந்த பைப்? ஜிஐ, யுபிவிசி, எச்டிபிஇ ஓஸ்: கணக்குப் போட்டு வாங்குவது எப்படி

போருக்குள் மோட்டாரைத் தாங்கித் தொங்குவதும் தண்ணீரை மேலே கொண்டுவருவதும் ஒரே பைப்தான். ஜிஐ என்பது துத்தநாகம் பூசிய இரும்பு பைப், யுபிவிசி விறைப்பான பிளாஸ்டிக் பைப், எச்டிபிஇ ஓஸ் வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய். அதனால் விலையைக் கேட்பதற்கு முன் சில கணக்குகளைப் போட்டுவிடுங்கள். கொங்குப் பக்கம் வழக்கமாகப் பார்க்கும் வீட்டு போர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறரை இஞ்ச் போர், ஆழம் 300 அடி, மோட்டார் நிற்பது 260 அடியில், அதாவது சுமார் 80 மீட்டர். பம்பு தருவது நிமிடத்துக்கு 60 லிட்டர், மொட்டைமாடியில் டேங்க்.

படி 1: அழுத்தம்

10 மீட்டர் உயரத்துக்கு 1 கிலோ அழுத்தம் (ஒரு சதுர செ.மீ.க்கு). ஆழம் 80, டேங்க் வரை 10, ஆக 9 கிலோ. 10 கிலோ பைப் போதும் என்று தோன்றும். போதாது. மேலே கேட் வால்வை யாராவது மூடிவைத்து மோட்டாரைப் போட்டால், பம்பு தன் முழு ஹெட்டையும் (தண்ணீரைத் தூக்கக்கூடிய உயரம்) பைப்புக்குள்தான் காட்டும். பம்பு கேட்லாக்கில் டிஸ்சார்ஜ் (வெளிவரும் தண்ணீர்) பூஜ்யம் என்ற இடத்துக்கு நேரே உள்ள ஹெட்டைப் பாருங்கள். அது 130 மீட்டர் என்றால் 13 கிலோ. வாங்க வேண்டியது 16 கிலோ பைப். பைப் வெடிப்பதும் பெரும்பாலும் அடியில், பம்புக்குப் பக்கத்தில்தான். அழுத்தம் அங்கேதான் அதிகம்.

படி 2: அளவு

60 லிட்டர் தண்ணீர் ஒன்னேகால் இஞ்ச் பிளாஸ்டிக் பைப்பில் ஏறும்போது 100 மீட்டருக்கு மூன்றரை மீட்டர் ஹெட் உராய்விலேயே போகும். ஒரு இஞ்ச் பைப்பில் அதுவே 12 மீட்டர். பைப்பில் மிச்சம் பிடித்த காசு கரண்ட் பில்லில் போய்விடும். எச்டிபிஇ ஓஸை வெளிவிட்டத்தை வைத்துச் சொல்வார்கள் என்பதையும் கவனியுங்கள். 40 மி.மீ. 16 கிலோ ஓஸின் உள்விட்டம் 33 மி.மீ. அளவுக்குத்தான் இருக்கும்.

படி 3: எடை

80 மீட்டருக்கு ஒன்னேகால் இஞ்ச் ஜிஐ மீடியம் பைப் சுமார் 250 கிலோ. உள்ளே நிற்கும் தண்ணீர் 80 கிலோ, பம்பும் மோட்டாரும் தனி. செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) இல்லாமல் கிட்டவே போகக்கூடாது. அதே நீளத்துக்கு 40 மி.மீ. ஓஸ் 32 கிலோ சுமாருக்கு வரும். நாலு பேர் கையாலேயே இழுத்துவிடலாம். யுபிவிசி காலம் பைப் (போருக்குள் தொங்கவிடவே செய்த மரை பைப்) 10 அடித் துண்டுகளாக வரும், 26 துண்டு வேண்டும். 20 அடி ஜிஐ 13 போதும்.

படி 4: தண்ணீர்

உப்புத் தண்ணீர் என்றால் ஜிஐ வேண்டாம். மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சு போய்விடுவதால் துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். மேலே பளபளப்பாக இருக்கும் பைப் மரையில் அறுந்து மோட்டாரோடு உள்ளே விழுவது இதனால்தான்.

எதை எடுப்பது?

இந்த போருக்கு எங்கள் தேர்வு ஓஸ் அல்லது யுபிவிசி காலம் பைப். அடிக்கடி மோட்டாரைத் தூக்க வேண்டியிருக்கும் என்றால் ஓஸ். பத்து வருடம் கை வைக்காமல் இருக்க வேண்டும் என்றால் யுபிவிசி. ஆழமும் எச்பியும் கூடும்போது, அந்தக் கம்பெனியின் அட்டவணையில் உங்கள் ஆழத்துக்கு எந்த கிரேடு (மீடியம், ஹெவி, சூப்பர் ஹெவி) போட்டிருக்கிறார்களோ அதையே வாங்குங்கள். வீட்டு பிளம்பிங் பிவிசி பைப்பை சொல்யூஷன் போட்டு ஒட்டி இறக்குவது மட்டும் கூடவே கூடாது. மோட்டார் ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் முறுக்கு விழும், ஒட்டு விட்டுவிடும்.

இறக்கும்போது

யுபிவிசியில் கப்ளருக்குள் ரப்பர் ரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று துண்டுக்குத் துண்டு பாருங்கள். ரிங்குக்கு சோப்புத் தண்ணீர் தடவலாம்; ஆயில், கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். பல் வைத்த பைப் ரிஞ்சு போட்டால் கீறல் விழும், பிறகு விரிசல் அங்கிருந்தே ஓடும்; பெல்ட் ரிஞ்சு போடுங்கள். ஒரு கம்பெனி மரை இன்னொன்றுக்குச் சரியாகப் பொருந்தாது, கலக்காதீர்கள்.

ஓஸுக்கு பம்பு வாயில் பித்தளை அல்லது எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) அடாப்டர் போடுங்கள். ஓஸ் முனையை வெந்நீரில் வைத்து இளக்கி முழுதாக ஏற்றி, இரண்டு கிளாம்பை எதிரெதிர் பக்கமாக முடுக்குங்கள். எடை விழுந்ததும் ஓஸ் கொஞ்சம் நீளும். அதனால் மோட்டாரின் கரண்ட் கேபிளை ஓஸோடு 10 அடிக்கு ஒரு கட்டுப் போடும்போது இடையில் லேசாகத் தொய்வு விடுங்கள். இழுத்துக் கட்டினால் பாரம் கேபிளுக்குப் போய் ஜாயின்ட் பிய்ந்துவிடும். எந்தப் பைப்பானாலும் பம்பின் கொக்கியில் தனியாக ஒரு கயிறு கட்டி மேலே கொண்டுவந்து கட்டுவது அவசியம். உப்பு போருக்கு எஸ்எஸ் ரோப்பைவிட நைலான் நல்லது.

மாட்டி முடித்ததும் டேங்க் வரை தண்ணீர் ஏற்றிவிட்டு மோட்டாரை நிறுத்துங்கள். அரை மணி கழித்துத் திரும்பப் போட்டால் தண்ணீர் சில நொடியில் வர வேண்டும். தாமதமாக வந்தால் என்ஆர்வி வால்வு (தண்ணீர் கீழே திரும்பாமல் தடுப்பது) பிடிக்கவில்லை, அல்லது ஏதோ ஜாயின்ட் ஒழுகுகிறது. எது என்று தெரிய, மோட்டார் ஓடும்போது போர் வாயில் காது வையுங்கள். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டால் ஜாயின்ட்.