டொமைனைத் தொடாமலே புது சர்வரில் தளத்தைச் சரிபார்ப்பது எப்படி?

புதுச்சேரி ஒயிட் டவுனில் இருக்கும் ஒரு விருந்தினர் இல்லத்தின் தளத்தைப் புது சர்வருக்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஃபைல்களும் டேட்டாபேஸும் ஏற்றியாகிவிட்டன. டொமைன் பெயருக்கு உரிய சர்வரின் எண் முகவரியை, அதாவது ஐபியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸை இப்போதே மாற்றினால், புக்கிங் ஃபார்ம் கெட்டிருப்பது சென்னையிலிருந்து வார இறுதிக்கு அறை தேடுபவருக்குத்தான் முதலில் தெரியும். அதற்கு முன், உங்கள் கணினிக்கு மட்டும் அந்த டொமைன் புது சர்வரைக் காட்டும்படி டிஎன்எஸ்ஸுக்கு முன்பே கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதிப் பார்த்துவிடலாம்.

ஐபியை பிரவுசரில் அடித்தால் போதாதா? போதாது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே ஐபியில் பல தளங்கள் இருக்கும். பிரவுசர் எந்த டொமைன் பெயரைக் கேட்கிறதோ அதைப் பார்த்துத்தான் சர்வர் தளத்தைத் தேர்ந்தெடுக்கும். வேர்ட்பிரஸ் தளமென்றால், டேட்டாபேஸில் பதிந்துள்ள முகவரிக்கே திருப்பி விடும். நீங்கள் பழைய சர்வரில் போய் நிற்பீர்கள்.

1. புது சர்வரின் ஐபியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் முதல் பக்கத்தின் ஓரத்திலேயே இருக்கும். இங்கே உதாரணத்துக்கு 203.0.113.10, விளக்கங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண் இது, அப்படியே போட்டால் எதுவும் திறக்காது.

2. விண்டோஸில் நோட்பேடை ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்கவும். சாதாரணமாகத் திறந்தால் சேமிக்க விடாது. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போங்கள். ஃபோல்டர் காலியாகத் தெரிந்தால் 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றவும். ஹோஸ்ட்ஸ் ஃபைலுக்கு எக்ஸ்டென்ஷன் கிடையாது. டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டால் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. மேக்கிலும் லினக்ஸிலும் ஈடிசி ஃபோல்டரில் உள்ள ஹோஸ்ட்ஸை சூடோ (அட்மின் உரிமை தரும் கட்டளை) கொடுத்துத் திறக்க வேண்டும்.

3. கடைசியில் இரண்டு வரி சேர்க்கவும் (டொமைனை ஆங்கில எழுத்தில்):

203.0.113.10 இல்லம்.காம்
203.0.113.10 டபிள்யூடபிள்யூடபிள்யூ.இல்லம்.காம்

இரண்டுமே வேண்டும். ஒன்றை விட்டால், ரீடைரக்ட் ஆகும்போது பழைய சர்வருக்குப் போய்விடும். முன்னால் எச்டிடிபி போடக் கூடாது. டொமைனிலேயே தமிழ் எழுத்தோ, இங்கே சில கடைகள் விரும்புகிற பிரெஞ்சு உச்சரிப்புக் குறியோ இருந்தால், அதன் பியூனிகோட் வடிவத்தை (ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றியது)த்தான் எழுத வேண்டும்.

4. சேமித்துவிட்டு, விண்டோஸ் என்றால் கமாண்ட் பிராம்ப்டில் ipconfig /flushdns கட்டளையால் டிஎன்எஸ் கேஷைக் காலி செய்து, பிரவுசரை மூடி, இன்காக்னிட்டோவில் திறக்கவும். விபிஎன்னோ அலுவலக பிராக்ஸியோ இருந்தால் நிறுத்திவையுங்கள். அவை ஹோஸ்ட்ஸைப் பொருட்படுத்தாமல் போகலாம்.

இரண்டு சர்வரிலும் ஒரே தளம், ஒரே முகம். பார்ப்பது புதுசுதானா என்று கண்ணால் சொல்ல முடியாது. புது சர்வரில் மட்டும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலை வைத்து அதைத் திறந்து பாருங்கள்.

பலரும் மாட்டிக்கொள்வது எஸ்எஸ்எல்லில், அதாவது தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழில். டொமைன் இன்னும் பழைய சர்வரையே காட்டுவதால், இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் தன் வழக்கமான சோதனையில் புது சர்வருக்குச் சான்றிதழ் தராது, பிரவுசர் எச்சரிக்கும். சோதிக்க மட்டும் அதைத் தாண்டிப் போகலாம். ஆனால் பழைய தளத்தில் எச்எஸ்டிஎஸ் (பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திற என்று பிரவுசருக்குச் சொல்லும் விதி) போட்டிருந்தால் தாண்டவே விடாது. அப்போது பழைய சான்றிதழையும் அதன் பிரைவேட் கீயையும் புது சர்வரில் ஏற்றுங்கள், அல்லது டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி ரெக்கார்டு (உரைப் பதிவு) சேர்த்துப் புதிதாக வாங்குங்கள். நமக்குப் பிடித்தது இரண்டாவது: டொமைன் மாறும் நிமிடத்தில் சான்றிதழ் தயாராக இருக்கும்.

முகப்பு திறந்ததோடு விட்டுவிடாதீர்கள். உள்பக்கங்கள், படங்கள், அட்மின் லாகின், ஃபார்மிலிருந்து மின்னஞ்சல் போய்ச் சேருகிறதா என எல்லாம் பார்க்கவும். இதற்கிடையே வரும் உண்மையான புக்கிங் பழைய டேட்டாபேஸில்தான் விழும் என்பதால், மாற்றுவதற்குச் சற்று முன் பழைய தளத்தில் பராமரிப்புப் பக்கம் போட்டு டேட்டாபேஸை மறுபடி நகலெடுக்க வேண்டும்.

டிடிஎல்லை (டிஎன்எஸ் தந்த விடையை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) முந்தின நாளே 300 விநாடியாகக் குறையுங்கள். இப்போது 14400 என்றிருந்தால் அந்த 4 மணி நேரம் கழிந்த பிறகே குறைப்பு எல்லா இடத்திலும் எடுபடும். மாற்றும்போது ஏ ரெக்கார்டோடு (டொமைனின் ஐபியைச் சொல்லும் பதிவு) நிறுத்துங்கள். மின்னஞ்சல் வேறு இடத்தில் இருந்தால் எம்எக்ஸை (மின்னஞ்சல் சர்வரைக் காட்டும் பதிவு) தொட வேண்டாம். விருந்தினர் இல்லத்துக்கு வெள்ளிக்கிழமை ஆகாது, செவ்வாய் நல்லது.

ஆனால் ஏ ரெக்கார்டை மாற்றும் முன்பே ஹோஸ்ட்ஸில் சேர்த்த வரிகளை அழித்துவிடுங்கள். அவை இருக்கும்வரை டிஎன்எஸ்ஸில் ஐபியைத் தப்பாக அடித்திருந்தாலும் உங்கள் கணினியில் மட்டும் தளம் ஜோராகத் திறக்கும்.