விடியற்காலை வயிற்றுவலியும் கட்டுவிரியனும்: டாக்டர்கள் தவறவிடும் இடங்கள்

விடியற்காலை நாலு மணி. ஒரு பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேசுவாலிட்டிக்கு வருகிறான். அமுக்கிப் பார்த்தால் வயிறு மெத்தென்றுதான் இருக்கிறது. ராத்திரி சாப்பிட்ட பரோட்டா மேல் பழியைப் போட்டு, கேஸ் ஊசி குத்தி அனுப்பிவிடுகிறோம். ஏழு மணிக்கு மறுபடி தூக்கி வருகிறார்கள். இமை சொருகிக் கிடக்கிறது, எச்சில் விழுங்க முடியவில்லை.

“ராத்திரி எங்கப்பா படுத்திருந்தே?” இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான் முதல் தவறு. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்கள்தான் அதிகம் கடிபடுகிறார்கள். பல் மிகச் சிறியது. வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது, பல் தடம்கூடக் கண்ணில் படாமல் போகலாம். கடிபட்டவருக்கே தெரியாதபோது, “பாம்பு எதுவும் கடிக்கல சார்” என்று வீட்டார் சொல்வதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

அடுத்தது, 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை சரியாக இருக்கிறதென்று நிம்மதியாவது. அது ரத்தம் உறைவதைக் கெடுக்கும் கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் கடிகளைக் கண்டுபிடிக்க உதவும். கட்டுவிரியன் விஷம் தாக்குவது நரம்பை. அதனால் சந்தேகம் வந்தால் வார்டில் வைத்துக்கொண்டு, மேலே பார்க்கச் சொல்லி இமையைக் கவனியுங்கள். ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். முப்பது வரை எண்ணியவர் அரை மணியில் பதினைந்தில் நின்றால், மூச்சுக்குழாய் வைக்கத் தயாராக வேண்டும். ஆக்சிமீட்டரில் எண் இறங்கட்டும் என்று காத்திருந்தால் நேரம் கைமீறிவிடும்.

விஷமுறிவு மருந்திலும் ஒரு குழப்பம் உண்டு. இந்த விஷம் நரம்பு முனையையே சிதைத்துவிடுகிறது. மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் பிடிக்கும். சிதைந்த முனையைச் சரிசெய்யாது. எனவே இமை இறங்கத் தொடங்கும்போதே 10 குப்பி ஏற்றிவிட வேண்டும். முழுக்க முடங்கிய பிறகு குப்பி மேல் குப்பியாக ஏற்றிப் பலனில்லை. அப்போது அவரைக் காப்பது வென்டிலேட்டர்தான், சில சமயம் பல நாட்கள்.

மனதை உறுத்தும் தவறு கடைசியில் வருகிறது. கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல், கை கால் துவண்டு கிடப்பதைப் பார்த்து மூளைச்சாவு என்று முடிவுகட்டுவது. கட்டுவிரியன் கடியில் அத்தனையும் வெறும் தசை முடக்கமாக இருக்கலாம். உள்ளே முழு நினைவோடு அவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். இப்படிக் கிடந்தவர்கள் எழுந்து வீட்டுக்கு நடந்து போயிருக்கிறார்கள். அவர் கட்டிலருகே நின்று நம்பிக்கை இல்லை என்று பேசாதீர்கள். சளி உறிஞ்சும் முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்யப்போகிறோம் என்று அவரிடம் சொல்லுங்கள்.