குஞ்சுகள் திடீர்னு சாகுதா? மருந்துக்கடைக்கு ஓடும் முன் இதைப் பாருங்க

சாயங்காலம் கொடாப்புக்குள் ஓடிப் போன குஞ்சு காலையில் விறைத்துக் கிடந்தால் நம்ம பக்கம் ரெண்டு காரியம் உடனே நடக்கும். செத்ததை வேலிக்கு அந்தப் பக்கம் வீசுவது ஒன்று, கடையில் போய் "வெள்ளைக்கழிசலுங்க, ஏதாச்சும் பவுடர் கொடுங்க" என்று நிற்பது இன்னொன்று. ரெண்டையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். வீசினால் நாய் இழுத்துப் போய் அடுத்த தோட்டத்துக்கும் நோயைக் கொடுக்கும், உங்களுக்கும் தடயம் போச்சு. ஆன்டிபயாடிக் பவுடரைத் தண்ணீரில் கலந்துவிட்டால் அப்புறம் லேபில் கிருமியை வளர்த்துக் கண்டுபிடிப்பதும் சிரமம்.

முதல் கேள்வி, குஞ்சுக்கு எத்தனை நாள் வயது? பாதி விடை இதிலேயே இருக்கிறது.

பொரித்த முதல் வாரத்திலேயே சாகிறது என்றால் பெரும்பாலும் குளிர், இல்லையென்றால் தொப்புள். குஞ்சைத் திருப்பி வயிற்றைப் பாருங்கள். உப்பி, நீலம் பாரித்து, தொப்புள் மூடாமல் ஈரமாக நாறினால் கிருமி அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. அழுக்கு முட்டையை அடை வைத்திருப்பீர்கள், அல்லது இன்குபேட்டர் சுத்தமாக இருந்திருக்காது. பின்பக்கம் வெள்ளையாக எச்சம் அப்பி அடைத்திருந்தால் சால்மோனெல்லா என்ற கிருமியையும் சந்தேகப்படணும், அது தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே வரக்கூடியது. குளிர் விஷயத்துக்குத் தெர்மாமீட்டர் வேண்டியதில்லை. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி குறைக்கலாம் என்பது கணக்கு, ஆனால் குஞ்சுகளே சொல்லிவிடும்: பல்புக்கடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர், பல்பை விட்டு விலகி வாயைப் பிளந்தால் சூடு, எல்லாம் ஒரே மூலையில் ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் அடிக்கிற அடிக்கு மேற்கே சாக்குப் படுதா கட்டாமல் குஞ்சு வளர்ப்பது வீண்வேலை. அதுக்காக நாலு பக்கமும் மூடிக் கரி அடுப்பை உள்ளே வைக்காதீர்கள், புகையிலேயே மொத்தமும் போய்விடும்.

வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகிறது, ஆனால் கர்கர் சத்தம் பெரிதாக இல்லை என்றால் கீழே பரப்பிய கடலைத்தொலியையோ தேங்காய் நாரையோ அள்ளி முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் சந்தேகம் அங்கேதான். தீவனமும் அப்படித்தான், மாடு திங்காமல் ஒதுக்கிய பூஞ்சைப் புண்ணாக்கைக் கோழிக்குப் போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதிலிருக்கும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

மூணு வாரத்துக்கு மேல் என்றால் எச்சத்தைப் பார்க்காமல் பேசவே கூடாது. விடிந்ததும் கொடாப்பைத் தூக்கிவிட்டுத் தரையைப் பாருங்கள். ரத்தமாகவோ செங்காவி நிறத்திலோ இருந்து, குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப் போட்டுச் சிலிர்த்துக்கொண்டு நின்றால் ரத்தக்கழிச்சல், அதாவது காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி. மழை விட்ட பிறகு ஈரத் தரையில்தான் இது கொட்டும், ஏனென்றால் எச்சத்தில் வெளிவருகிற அந்த ஒட்டுண்ணியின் முட்டை ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளிலேயே தொற்றுகிற நிலைக்கு வந்துவிடும். ஆம்ப்ரோலியம் மருந்துக்குக் கேட்கும், அளவு டாக்டரிடம் கேளுங்கள். கூடவே 'சத்துக்கு' என்று பி வைட்டமின் டானிக்கைக் கலந்தால் மருந்தின் வேலையை அதுவே கெடுக்கும். இதே வயதில் கம்போரோ என்ற வைரஸ் நோயும் வரும்: வெள்ளையாகத் தண்ணியாகப் பேதி, மூணு நாலு நாளில் சரசரவென்று சாவு, அப்புறம் தானாகக் குறையும்.

பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுக்கி, பெரிய கோழியும் சேர்ந்து சாய்ந்தால் அதுதான் நாம் எல்லாத்துக்கும் பேர் வைக்கிற வெள்ளைக்கழிசல், ராணிக்கெட். வந்த பிறகு மருந்தில்லை.

ராத்திரியில் மட்டும் செத்துக் கிடக்கிறது, எச்சமும் சரியாக இருக்கிறது என்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு கொடாப்பு இடுக்கு, கட்டை வெடிப்பு எல்லாம் பாருங்கள். கோழி உண்ணி பகலில் அங்கே ஒளிந்துகொண்டு ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும், குஞ்சின் கொண்டையும் வாயும் வெளுத்துக் கிடக்கும். இரைப்பை நிறைய தீனியோடு மத்தியானமே பொத்துப் பொத்தென்று விழுந்தால் நோயை விட்டுவிட்டு விஷத்தைத் தேடுங்கள்: பக்கத்துக் காட்டில் மக்காச்சோளத்துக்குக் குருணை மருந்து போட்டார்களா, மருந்து தடவின சிவப்பு விதை சிந்திக் கிடக்கிறதா?

கண்ணில் தெரிந்தது போதவில்லை என்றால் பிரேதப் பரிசோதனைதான். செத்துச் சில மணி நேரமே ஆன ரெண்டு மூணு குஞ்சை ரெட்டைக் கவரில் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்துத் தெர்மாகோல் பெட்டியில் கொண்டுபோங்கள். ஃபிரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் சதை சிதைந்து ஒன்றும் தெரியாது. உயிரோடு நோயாக இருப்பதில் ஒன்றையும் தனிப் பெட்டியில் எடுத்துப் போனால் ரொம்ப நல்லது. வயது, எப்போது ஆரம்பித்தது, மொத்தம் எத்தனை, செத்தது எத்தனை, என்ன தீனி, என்ன தடுப்பூசி, புதுசாகச் சந்தையில் கோழி வாங்கி விட்டீர்களா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டலாம்; நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டுகிற தூரம் என்றால் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். டாக்டர் அறுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். குருட்டுக் குடல் ரெண்டும் ரத்தம் நிரம்பித் தடித்திருந்தால் காக்சிடியா, நுரையீரலில் மஞ்சள் மணிகள் இருந்தால் பூஞ்சை. ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

ஒன்று மட்டும்: பெரிய கோழி, வாத்து, காக்கா எல்லாம் ஒரே சமயத்தில் விழுந்து, கொண்டை நீலமாக, தலை வீங்கியிருந்தால் எதையும் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், விற்கவும் வேண்டாம். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

மிச்சக் குஞ்சுகளை அன்றைக்கே காய்ந்த இடத்துக்கு மாற்றி, செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். அடுத்த அடைக்கு ஏழாம் நாள் ராணிக்கெட்டுக்கான லசோட்டா சொட்டு, பதினாலாம் நாள் கம்போரோ தடுப்பு மருந்து, எட்டு வாரத்துக்கு மேல் ராணிக்கெட் ஊசி. குப்பியில் நூறு டோஸுக்குக் குறையாமல்தான் பெரும்பாலும் வரும், கலக்கினால் ரெண்டு மணி நேரத்துக்குள் தீர்க்கணும், அதனால் அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கும் சொல்லி ஒரே நாளில் போட்டுவிடுங்கள்.